நாத்தனாரை வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிடலாமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஊர், வயது, தொழில் போன்ற அடையாளங்களை மாற்றிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு பிள்ளைகள். கூட்டுக் குடும்பம். கணவரின் தங்கைக்கு 20 வயது. கல்லூரியில் கூடப் படித்த பட்டியல் சாதிப் பையனைக் கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போய்விட்டாள். பையனுக்கு 22. மறுநாளே அந்தப் பெண்ணின் படத்தைப் போட்டு ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர் அடித்து பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டிவிட்டார்கள். மாமனார் மொட்டை போட்டுக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு யாரோடும் சரியாகப் பேசவில்லை. இப்போது வீட்டில் முடிவெடுப்பவர் சின்ன மாமனார்தான்.

“போஸ்டரோடு தலைமுழுகிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்” என்று எழுதுகிறார். ஆனால் ஒரு ராத்திரி மாட்டுக்கொட்டகைப் பக்கம் கணவரும் சின்ன மாமனாரும் இன்னொருவரும் பேசியது காதில் விழுந்திருக்கிறது. “அவளை மட்டும் ஊருக்குள்ள வர வை. மிச்சத்தை நாங்க பாத்துக்குறோம். அவனையும் விடுறதா இல்ல.” இரண்டு நாள் கழித்துக் கணவர் இவரிடமே வந்து, “நீ கூப்பிட்டா வருவா. எல்லாரும் சமாதானமாயிட்டாங்க, முறைப்படி கல்யாணம் பண்ணி வைக்கிறோம்னு சொல்லு” என்றிருக்கிறார். அந்தப் பெண் இன்றும் வாட்ஸ்அப்பில் ரகசியமாகப் பேசுவது இந்த அண்ணியோடு மட்டும்தான்.

இவர் கேட்பவை: கூப்பிடலாமா? போலீஸுக்குப் போனால் கணவர் ஜெயிலுக்குப் போய்விடுவாரா? கணவருக்கு எதிராக மனைவி சொன்னால் செல்லாதாமே? பெண்ணுக்கு 21 ஆகவில்லை, கல்யாணமே செல்லாது என்கிறார்களே? கடைசியாக, “கோபத்தில் சும்மா பேசியிருப்பார்களோ, நான்தான் பெரிசு பண்ணுகிறேனோ?”

சகோதரி, அவசரமான விஷயங்களை உங்களிடம் தனியாகப் பேசியாகிவிட்டது. அதன் பிறகு நடப்பவற்றை இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் நிலையில் வேறு வீடுகளிலும் பெண்கள் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று நீங்கள் அனுமதித்ததால் மற்றதை எழுதுகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் பதில் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. பெண் வீட்டை விட்டுப் போன அன்று “வெட்டிப் போட்டுடுவேன்” என்று கூடத்தில் நின்று கத்துவது ஒன்று. ஊரே கேட்கும், அழுகையும் கூடவே வரும், பல வீடுகளில் அதோடு அடங்கியும் போகும். நீங்கள் கேட்டது அந்த வகை இல்லை. குரலைத் தாழ்த்திப் பேசியிருக்கிறார்கள். வெளியாள் ஒருவர் கூட இருந்திருக்கிறார். யார் கூப்பிடுவது, அப்புறம் யார் பார்த்துக்கொள்வது என்று வேலையைப் பிரித்திருக்கிறார்கள். இரண்டு நாளில் அந்தப் பேச்சில் உங்களுக்கென்று ஒதுக்கிய பங்கு உங்கள் கைக்கே வந்துவிட்டது. இதைக் கோபம் என்று சொல்ல மாட்டேன், இது ஏற்பாடு. பெரிசு பண்ணுகிறோமோ என்ற சந்தேகம் உங்களுக்கு வருவது இயல்பு, ஒன்பது வருடமாக நீங்கள் சோறு போட்ட மனிதர்கள் அவர்கள். ஆனால் இந்த விஷயத்தில் சந்தேகத்தின் பலனை அந்தப் பெண்ணின் உயிருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

அந்த போனை மட்டும் செய்யாதீர்கள்

‘சமாதானமாகிவிட்டோம், வந்துவிடு’ என்பது ஆணவக் கொலைகளில் திரும்பத் திரும்ப வரும் வார்த்தை. அடிக்க ஆள் கிடைப்பது அவர்களுக்குச் சிரமமே இல்லை. ஒளிந்திருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வதுதான் சிரமம். அதற்கு அந்தப் பெண் நம்பும் ஒரு குரல் வேண்டும்.

கண்ணகி–முருகேசன் வழக்கை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். விருத்தாசலம் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் பொறியியல் படித்த பட்டியல் சாதி இளைஞர். இருவரும் 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, பெண்ணை வேறு ஊரில் உறவினர் வீட்டில் பாதுகாப்பாக வைத்திருந்தார்கள். பெண் வீட்டார் முதலில் முருகேசனைத்தான் பிடித்தார்கள். அவரைச் சித்திரவதை செய்து, அவருடைய உறவினர்களையும் மிரட்டி, கண்ணகி இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டார்கள். 2003 ஜூலை 8 அன்று ஊரார் பார்க்க இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். அந்த உறவினர்களிடம் மிரட்டிப் பிடுங்கியதைத்தான் உங்களிடம் இப்போது அன்பாகக் கேட்கிறார்கள்.

“நான் வெறும் போன்தானே பண்ணினேன்” என்று பின்னால் சொல்ல முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விஷயம் தெரியாமல் கூப்பிட்டிருந்தால் அது வேறு. கொட்டகையில் பேசியதைக் கேட்ட பிறகு கூப்பிட்டால், கொலைச் சதியில் பங்கு, உடந்தை, கொல்லும் நோக்கத்தோடு கடத்தல் என்று குற்றப்பத்திரிகையில் உங்கள் பெயரும் ஏறும். உங்கள் போனின் அழைப்புப் பட்டியலே முதல் சான்றாக இருக்கும்.

நேரடியாக மறுத்தால் வீட்டில் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள். நியாயம்தான். மறுத்து வாதம் செய்ய வேண்டாம். “போன் எடுக்க மாட்டேங்குறா, நம்பரை மாத்திட்டா போல” என்று நாளைக் கடத்துங்கள். அந்த அவகாசம் வேறொரு வேலைக்குத் தேவை. அந்தப் பெண்ணிடம் பாதுகாப்பான வேறு வழியில், முடிந்தால் உங்கள் பிறந்த வீட்டு ஆள் ஒருவரின் போனிலிருந்து, நேராக விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: நான் கூப்பிட்டாலும் வராதே, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று யார் சொன்னாலும் வராதே, இருக்கும் இடத்தை என்னிடம்கூடச் சொல்லாதே. உங்களுக்கே இடம் தெரியாவிட்டால் உங்களை மிரட்டிப் பிடுங்கவும் எதுவும் இருக்காது. இதுவரை வந்த செய்திகளையும் ஒரு பாதுகாப்பான ஆளிடம் பிரதி எடுத்து வைத்த பிறகு உங்கள் போனில் நீக்கிவிடலாம். அவை உங்கள் கணவர் கையில் சிக்கினால் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு படமே போதும்.

சொன்னால் கணவருக்கு என்ன ஆகும்?

கடிதத்தில் நீங்கள் அதிகம் பயந்திருப்பது இதற்குத்தான். உங்கள் கணவர் அந்த ராத்திரிக்குப் பிறகு சரியாகச் சாப்பிடுவதில்லை, தங்கையின் பழைய பள்ளிக்கூடப் பையை எடுத்து வைத்துக்கொண்டு அழுதார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவரை நான் இன்னும் கொலைகாரர் என்று நினைக்கவில்லை. நினைக்காத இந்த நிலையிலேயே அவரை நிறுத்த முடியும் என்பதுதான் என் பதில்.

குற்றம் நடப்பதற்கு முன்னால் சட்டத்தின் கையில் இருப்பவை பெரும்பாலும் தடுப்பு நடவடிக்கைகள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126ஆம் பிரிவில், அமைதியைக் கெடுக்க மாட்டேன் என்று சம்பந்தப்பட்டவர்களிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்கலாம். பழைய 107 என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 170ஆம் பிரிவில், அதாவது பழைய 151இல், குற்றத்தைத் தடுக்க வேறு வழியில்லை என்றால் கைது செய்து பொதுவாக 24 மணி நேரம்வரை வைத்திருக்கலாம். எஸ்.பி. அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, ‘உங்கள் திட்டம் எங்களுக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் முதலில் நீங்கள்தான்’ என்று எழுத்தில் கையெழுத்து வாங்கினாலே பின்வாங்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில்தான் இந்தத் திட்டங்கள் ஓடுகின்றன.

உங்களிடம் எதையும் மறைக்கக் கூடாது. கொலைக்குச் சதி செய்வதே தனிக் குற்றம். கொலை நடக்காவிட்டாலும் ஏழு ஆண்டுவரை தண்டனை உண்டு. மிரட்டல் தீவிரமானது என்று தெரிந்தால் வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே கைதே நடக்காது என்று உறுதி தர என்னால் முடியாது. ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். கொலை நடந்துவிட்டால், பழைய ஐ.பி.சி.யின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு: மரண தண்டனை அல்லது ஆயுள். சாதியின் பெயரால் ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடிக் கொன்றால் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அதே தண்டனை. கொல்லப்படுபவர் பட்டியல் சாதிப் பையன் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். ஊரில் பி.சி.ஆர். கேஸ் என்கிறார்களே, அதுதான். அதில் முன்ஜாமீன் கிடையாது. உங்கள் பிள்ளைகளுக்கு அப்பா வேண்டும் என்றால், அவரைக் காப்பாற்றும் வழி இப்போது சொல்வதில்தான் இருக்கிறது. நடந்த பிறகு அவருக்காக நான் செய்யக்கூடியது மிகக் குறைவு.

“எத்தனை கேஸு நடந்திருக்கு, யாருக்கு என்ன ஆச்சு?” என்று சின்ன மாமனார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கண்ணகி–முருகேசன் வழக்கில் உள்ளூர் போலீஸார் முதலில் இரண்டு குடும்பமும் அவரவர் பிள்ளையைக் கொன்றதாகக் கதை கட்டி, முருகேசன் வீட்டாரையே குற்றவாளிகள் ஆக்கினார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள், அதாவது முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிவிட்டார்கள். 18 வருடம் இழுத்தது. ஆனாலும் 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் கண்ணகியின் அண்ணனுக்கு மரண தண்டனையும் 12 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. மரண தண்டனையை உயர் நீதிமன்றம் 2022இல் ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம், வழக்கைத் திரித்த இரண்டு போலீஸ் அதிகாரிகள் உட்பட, குற்றவாளிகள் என்ற தீர்ப்பை உறுதி செய்தது. அந்த வழக்கில் கீழ் நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்றவர் யார் என்று கவனியுங்கள். ஊர்ப் பெரியவர்கள் இல்லை, பெண்ணின் அண்ணன். உங்கள் கணவர் இருக்கும் இடத்தில் இருந்தவர்.

திருச்செங்கோடு கோகுல்ராஜ் வழக்கிலும் அப்படித்தான். 2015இல் கூடப் படித்த பெண்ணோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்திக் கொன்று தண்டவாளத்தில் போட்டார்கள். முக்கிய சாட்சியான அந்தப் பெண் பிறழ் சாட்சியானார். ஆனாலும் கோயில் கேமரா பதிவுகள் இருந்தன. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள். 2023இல் உயர் நீதிமன்ற நீதிபதிகள் அந்தக் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலானவர்களின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். இப்போது ஒவ்வொரு டோல்கேட்டிலும் ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் கேமரா இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக 2016இல் வெட்டிக் கொல்லப்பட்ட உடுமலைப்பேட்டை சங்கர் வழக்கில் கீழ் நீதிமன்றம் பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020இல் உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்தது, சதி நிரூபிக்கப்படவில்லை என்று. மற்ற ஐந்து பேருக்கு ஆயுளானது. வெட்டியவர்களைக் கேமரா காட்டிக்கொடுக்கும். திட்டம் போட்டதைக் காட்டிக்கொடுக்க அந்த வீட்டுக்குள் இருந்த ஒருவர் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருவர் பெண்தான். அவரிடம் யாரும் கேட்பதும் இல்லை, அவர் சொல்வதும் இல்லை.

கணவருக்கு எதிராக மனைவி சொன்னால் செல்லாதா?

இதில் பாதி உண்மை இருக்கிறது. கல்யாண வாழ்க்கையில் கணவன் மனைவியிடம் தனிப்படச் சொன்னதை அவருடைய சம்மதமில்லாமல் நீதிமன்றத்தில் வெளியிட முடியாது என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. பழைய 122ஆம் பிரிவு, புதிய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 128. ஆனால் அது நீதிமன்றச் சாட்சியம் பற்றிய விதி. போலீஸிடம் தகவல் கொடுப்பதை அது தடுக்கவில்லை. கொட்டகையில் உங்கள் கணவர் சின்ன மாமனாரிடம் பேசியது உங்களிடம் சொன்ன பேச்சே இல்லை, நீங்கள் காதால் கேட்டது. அதற்கு அந்தத் தடை பொருந்தாது என்பதே என் கருத்து. கண்ணால் பார்த்தவற்றுக்கும் அப்படித்தான். “நீ கூப்பிட்டா வருவா” என்று உங்களிடம் நேரடியாகச் சொன்னதை வைத்து வேண்டுமானால் வக்கீல்கள் சண்டை போடலாம்.

கொலை செய்ய யாரோ திட்டமிடுவது தெரிந்தால் அதை போலீஸுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிப்பது ஒவ்வொருவரின் கடமை என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 33ஆம் பிரிவே சொல்கிறது. குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கிறேனோ என்று எழுதியிருந்தீர்கள். அந்த 20 வயதுப் பெண்ணும் உங்கள் குடும்பம்தான்.

யாரிடம் சொல்வது, எப்படி எழுதுவது

உள்ளூர் ஸ்டேஷனில் சின்ன மாமனாருக்குப் பழக்கம் என்கிறீர்கள். அப்படியானால் அங்கே போகவே வேண்டாம். ஆணவக் கொலைகளைத் தடுக்கக் கோரி ‘சக்தி வாஹினி’ என்ற தொண்டு நிறுவனம் தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவுகளை நம்பி மாவட்ட எஸ்.பி.க்கே எழுதுங்கள். சாதி மாறித் திருமணம் செய்தவர்களுக்கென ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. மிரட்டல் உண்மைதானா என்று மூத்த அதிகாரி ஒரு வாரத்துக்குள் விசாரித்து அறிக்கை தர வேண்டும். தெரிந்தும் தடுக்கத் தவறிய அதிகாரிமேல் துறை நடவடிக்கை எடுத்து ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு முன்பே, 2016 ஏப்ரலில், உசிலம்பட்டி விமலாதேவி வழக்கில் இப்படிச் சிறப்புப் பிரிவுகள் அமைக்கச் சொல்லியிருந்தது. ஏட்டில் இருக்கும் அளவுக்கு எல்லா மாவட்டத்திலும் இவை நடப்பில் இருப்பதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் மனுவில் அந்தத் தீர்ப்பின் பெயரை எழுதிவிட்டால் படிக்கும் அதிகாரிக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது. நாளை ஏதாவது நடந்தால் ‘தெரியாது’ என்று அவர் சொல்ல முடியாது.

மனுவை இப்படி எழுதுங்கள். என்றைக்கு, எத்தனை மணி வாக்கில், நீங்கள் எங்கே நின்றீர்கள், யார் யார் இருந்தார்கள், எந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்பதைப் பேச்சு வழக்கிலேயே, கேட்டபடி எழுத வேண்டும். “கொலை மிரட்டல் விடுத்தார்கள்” என்று மொத்தமாக எழுதினால் அதற்கு வலுவில்லை. “அவளை மட்டும் ஊருக்குள்ள வர வை” என்ற அந்த வரிக்குத்தான் வலு. அடையாளம் தெரியாத மூன்றாம் ஆளின் உயரம், பேச்சு, வந்த வண்டி எதுவாக இருந்தாலும் சேருங்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ஒன்றைப் படம் எடுத்து இணையுங்கள். உயிரோடு இருக்கும் பெண்ணுக்குச் சாவு போஸ்டர் ஒட்டுவதை ஊரில் சடங்கு மாதிரி பார்க்கிறார்கள். என் கண்ணுக்கு அது மிரட்டலின் முதல் ஆவணம், அச்சகத்தின் பெயர்கூடக் கீழே இருக்கும்.

உங்கள் பெயரை ரகசியமாக வைக்க வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று, நேரில் கொடுத்தால் ரசீதோடு ஒன்று. உடனடி ஆபத்து என்றால் 112. பெண்களுக்கான 181 எண்ணிலும் பேசலாம். ஒன்று மட்டும் வேண்டாம்: ரகசியமாகப் பேச்சைப் பதிவு செய்யப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆதாரம் இல்லாவிட்டால் பரவாயில்லை, உங்கள் வாய்மொழியே ஆதாரம்தான்.

கணவரிடம் மனம் விட்டுப் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேசலாம், ஆனால் முதலில் இல்லை. தகவல் போக வேண்டிய இடத்துக்குப் போய், அந்தப் பெண் எச்சரிக்கை ஆன பிறகு. அதற்கு முன்னால் “எனக்கு எல்லாம் தெரியும்” என்றால், அது அன்றைக்கே சின்ன மாமனார் காதுக்குப் போய், உங்கள் போனும் போய்விடும். பேசும்போதும் தனியாக வேண்டாம். அவர் மதிக்கும் ஒருவர், உங்கள் அப்பாவோ அண்ணனோ, பக்கத்தில் இருக்கட்டும்.

அந்த இருவருக்கும் சொல்ல வேண்டியது

முதலில், கல்யாணம் செல்லாது என்பது தவறு. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. இரண்டுமே நிறைந்திருக்கிறது. பதிவு செய்யாததால் மட்டும் கல்யாணம் இல்லை என்று ஆகிவிடாது. பதிவு செய்வது நல்லதுதான், ஆனால் அதற்காகப் பாதுகாப்பில்லாமல் சொந்த ஊர்ப் பக்கம் உள்ள சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரக் கூடாது. ஆள் வைத்துக் காத்திருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

அடுத்தது, பெண்ணைக் காணவில்லை என்றோ நகையைத் திருடிக்கொண்டு போய்விட்டாள் என்றோ வீட்டார் புகார் கொடுப்பார்கள். கொடுத்திருக்கக்கூடும். அதை வைத்து போலீஸ் கூப்பிட்டால், ஸ்டேஷனில் உட்கார வைத்து ‘பேசி முடிப்பது’ ஆரம்பிக்கும். அம்மா அழுவார், மாமா கையெடுத்துக் கும்பிடுவார், கடைசியில் பெண்ணைப் பெற்றோரோடு அனுப்பிவிடுவார்கள். விமலாதேவி வழக்கு இதற்குத்தான் நினைவில் இருக்க வேண்டும். கணவரிடமிருந்து பிரித்துப் பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அந்தப் பெண் 2014இல் இறந்துபோனார். கணவர் நீதிமன்றம் போய்த்தான் வழக்கு சி.பி.ஐ.க்கு மாறியது.

ஆகவே அவர்கள் முந்திக்கொள்ள வேண்டும். ‘நான் மேஜர், என் விருப்பத்தில் வந்தேன், யாரும் கடத்தவில்லை’ என்று பெண் தன் கைப்பட எழுதி, வயதுச் சான்று, கல்யாணப் படத்தோடு இரண்டு மாவட்ட எஸ்.பி.க்களுக்கும் அனுப்ப வேண்டும். விசாரணைக்குக் கூப்பிட்டால் வக்கீலோடு போக வேண்டும். ‘மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் தருகிறேன்’ என்று கேட்கலாம், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆம் பிரிவில் அதற்கு இடமுண்டு. நீதிபதி முன்னால் ஒரு முறை சொன்னதை ஸ்டேஷனில் யாரும் மாற்ற முடியாது. போலீஸ் பாதுகாப்பு தராமல் இழுத்தால் உயர் நீதிமன்றத்தில், தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளையில், பாதுகாப்பு கோரி ரிட் மனு போடலாம். பாதுகாப்பு இல்லத்தில் முதலில் ஒரு மாதம், பிறகு தேவைக்கேற்ப ஒரு வருடம்வரை தங்க வழி இருக்கிறது.

பையனின் பெற்றோரை மறந்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மகன் கிடைக்காத கோபம் அங்கேதான் முதலில் இறங்கும். 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் 200க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் எரிந்தது ஒரு காதல் கல்யாணத்தைத் தொட்டுத்தான். உங்கள் மனுவில் அந்தக் குடும்பத்துக்கும் பாதுகாப்பு கேட்டு ஒரு பத்தி சேருங்கள். வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் வரும் விஷயத்தில் வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியருக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை சிறை உண்டு என்பதையும் குறிப்பிடலாம்.

ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் வந்தால்தான் எதுவும் நடக்கும் என்று சிலர் சொல்வார்கள். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் மென்பொறியாளர் கவின் கொல்லப்பட்ட பிறகு அந்தக் கோரிக்கை வலுத்து, அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. சட்டம் வர வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். ஆனால் மேலே சொன்ன எதற்கும் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

உங்கள் பாதுகாப்பு

தகவல் கொடுத்தது நீங்கள்தான் என்று வீட்டில் ஊகித்துவிட வாய்ப்பு அதிகம். மனு போகும் நாளில் நீங்களும் பிள்ளைகளும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. பள்ளி விடுமுறை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பிறந்த வீட்டுக்குப் போய்விடுங்கள். ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பாஸ்புக், உங்கள் நகை இவற்றை முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போய் வைத்துவிடுங்கள். அதற்காக உங்களை வீட்டை விட்டுத் துரத்தினால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அந்த வீட்டில் வசிக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, பாதுகாப்பு உத்தரவும் வாங்கலாம். வழக்கு என்று ஆகி நீங்கள் சாட்சி சொல்ல வேண்டி வந்தால், 2018ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் மனு போடலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு அதைப் பார்க்கும், ஆபத்து எவ்வளவு என்று போலீஸ் ஐந்து வேலை நாளில் அறிக்கை தர வேண்டும்.

மாமியாரைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போஸ்டர் ஒட்டிய அன்று ராத்திரி அவர் தனியாக எழுந்து போய் வாசலில் ஒட்டியதை மட்டும் கிழித்துப் போட்டார் என்று. அவரிடம் திட்டத்தை முழுசாகச் சொல்ல வேண்டாம், அவரால் தாங்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. ஆனால் நீங்கள் வெளியே வந்து பாதுகாப்பான பிறகு, அவரிடம் பேசும் பெண் அதிகாரி ஒருவரை அனுப்பச் சொல்லி மனுவில் கேளுங்கள். பெற்ற தாய் எதிர்த்து நிற்கும் வீட்டில் சின்ன மாமனாரின் அதிகாரம் பாதியாகிவிடும்.

பணம் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். பெண் என்ற ஒரு காரணமே போதும், வருமானம் எவ்வளவு இருந்தாலும் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். உங்கள் தாலுகாவுக்குப் போகாமல் மாவட்டத் தலைநகருக்கே போங்கள். பெண் வக்கீல் வேண்டும் என்று கேளுங்கள், சொந்த ஊர்க்காரராக இல்லாதவரைக் கேளுங்கள். மனுவின் வரைவை எடுத்துப் போய்ச் சரி பார்த்துத் தரச் சொல்லுங்கள், எஸ்.பி. அலுவலகத்துக்குக் கூட வர முடியுமா என்றும் கேளுங்கள்.